சங்கிலியைச் சாய்க்காதே

ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவை முடித்துவிட்டுச் சேலம் மாவட்டத்தின் ஒரு வட்ட அலுவலகத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்தபோது, நில அளவை என்பது கணக்குத் தெரிந்தவனுக்கு எளிய வேலை என்றே நான் நினைத்திருந்தேன். முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் பரப்பு தெரியும், செங்கோணம் பிடிக்க உதவும் குறுக்குக் கோலை நட்டு, அளவைக் கோட்டிலிருந்து செங்குத்தாக விலகும் தூரத்தை, அதாவது ஆஃப்செட்டை, எடுத்தால் வரப்பின் ஒவ்வொரு வளைவும் தாளில் வந்துவிடும். இதற்குமேல் என்ன இருக்கிறது என்ற எண்ணம். வரப்பைத் தாளில் ஏற்றுவது இந்த வேலையின் சிறு பகுதிதான் என்பதும், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ தாளில் ஏற்றிவிட்டுப் போன கோட்டை மறுபடி மண்ணில் இறக்குவதே நாள்தோறும் நடக்கிற வேலை என்பதும் முதல் மாதத்திலேயே விளங்கிவிட்டது. மனு கொடுத்தவர், பக்கத்துக் காட்டுக்காரர்கள், கிராம நிர்வாக அலுவலர் என்று பத்துப் பேர் சுற்றி நிற்க, காணாமற்போன ஒரு கல்லின் இடத்தைக் காட்டவேண்டும்.

வீராணம் பக்கம் கரட்டை ஒட்டிய ஒரு மேட்டாங்காட்டில் நான் செய்த தவற்றைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. அந்தப் புல எண்ணுக்கு அலுவலகத்தில் இருந்த புலப்படம், அதாவது நிலத்தின் அளவு வரைபடம், ஒன்று; 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய வெளிறிய நகல் இன்னொன்று. பழைய கல் எங்கே இருந்தது என்று தேடுவதற்காக நில அளவர் பழைய நகலை என்னிடம் கொடுத்து, படத்தில் அளவைக்கு ஆதாரமாக இருக்கும் கோடான ஜி லைனில் 850 லிங்க் தள்ளி அடையாளம் வைக்கச் சொன்னார். நூறு லிங்க் ஒரு சங்கிலி, சங்கிலி 20 மீட்டர் என்று பயிற்சி நிலையத்தில் படித்ததை நினைவில் வைத்துச் சரியாக 170 மீட்டர் அளந்து முளை அடித்தேன். தோண்டினார்கள், வெறும் செம்மண். சங்கிலி பிடிக்கும் செயின்மேன் அண்ணன் ஒன்றும் பேசாமல், கோட்டின் போக்கிலேயே மேலும் ஒரு மீட்டர் தள்ளிக் கடப்பாரையை இறக்கினார். 'டங்' என்று கல் பேசியது.

பழைய புலப்படத்தின் லிங்க் வேறு. அது 66 அடி நீளமுள்ள கண்டர் சங்கிலியின் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 7.92 அங்குலம், மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 20.12 சென்டிமீட்டர். ஒரு லிங்க்கில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிற வித்தியாசம்தான், ஆனால் 850 லிங்க்கில் அது ஏறக்குறைய முழு ஒரு மீட்டராகிவிடுகிறது. நம் ஊரில் ஒரு மீட்டர் என்பது ஒரு வரப்பின் அகலம், இரண்டு குடும்பங்களின் பேச்சுவார்த்தை. "படத்தை எடுத்ததும் எண்ணைப் பார்க்காதே தம்பி, அளவு எதில் போட்டிருக்குன்னு பாரு" என்று மட்டும் நில அளவர் சொன்னார். 66 அடி என்பது கிறுக்குத்தனமான நீளமாகத் தோன்றினாலும், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் என்று கணக்கு வழுக்கிக்கொண்டு போகும் அழகைப் பார்த்த பிறகு அந்தப் பழைய சங்கிலியின்மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது.

சேலத்து மண்ணுக்கு அளவை புதிதல்ல. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் அதை ஒட்டிய பாராமகால் பகுதியும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் வயல் வயலாக அளந்து வரி விதித்தார்கள். உழவரிடமே நேரடியாக வரி வாங்கும், பிற்பாடு சென்னை மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறை உருவெடுத்தது இந்த வட்டாரத்தில்தான். தேர்வுக்காக மனப்பாடம் செய்த வரிதான் இது; காட்டில் கல் தேடி நின்றபோதுதான் எனக்கு அதில் பொருள் தட்டுப்பட்டது.

சமவெளியில் கற்றது ஏற்காட்டுக்குப் போனதும் பாதி செல்லாக்காசானது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் கலந்து நின்ற ஒரு சரிவில் இறங்கினோம். மின்னணுக் கருவி கிடைமட்ட தூரத்தைத் தானே கணக்கிட்டுக் கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசம் எதிரே தெரியவேண்டுமே, காப்பிச் செடி மறைத்தது. செயற்கைக்கோள் கருவியோ அடர்ந்த மரநிழலில் நிலையான எண்ணைத் தர மறுத்தது. கடைசியில் டேப்பும் தூக்குக்குண்டும்தான் கைகொடுத்தன. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிப்படியாக இறங்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் டேப்பை நீர்மட்டமாகப் பிடித்து, அதன் முனையிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, குண்டு தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அடுத்த படியைத் தொடங்கவேண்டும். சோம்பல்பட்டு 30 மீட்டர் டேப்பைச் சரிவோடு கிடத்திவிட்டால், 30 பாகை சரிவில் உண்மையான கிடைத்தூரம் 26 மீட்டர்தான். நான்கு மீட்டர் நம்மை ஏமாற்றிவிடும். "சங்கிலியைச் சாய்க்காதே" என்பது செயின்மேன் அண்ணனின் வேதவாக்கு. கையில் இருப்பது டேப்பானாலும் அவருக்கு அது சங்கிலிதான்.

அந்தத் தோட்டத்துப் பெரியவரின் மனுவே இதைப் பற்றியதுதான். பட்டாவில் அவருக்கு 0.40.5 ஹெக்டேர், அதாவது ஓர் ஏக்கர். கயிறு போட்டு அளந்தால் 115 சென்ட் வருகிறது, எனக்குரிய 15 சென்ட்டைக் கணக்கில் யாரோ விழுங்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். அவர் பொய் சொல்லவில்லை. ஒரே சீராக 30 பாகை சரிந்த நிலத்தில் மண்ணோடு கிடத்திய கயிறு அப்படித்தான் காட்டும். கொசைன், சைன் என்று நான் ஆரம்பித்ததும் அவர் முகம் இறுகியது. நில அளவர் குறுக்கிட்டு, "ஐயா, உங்க ஓட்டு வீட்டுக்கு எத்தனை ஓடு போட்டீங்க? கூரைப் பரப்பு கூடுதலா இருக்கும், கீழே தரை அவ்வளவு இருக்காதுங்களே. பட்டாவில எழுதறது தரைங்க, கூரை இல்லை" என்றார். எல்லா நிலத்தையும் தரைக்கணக்கில் எழுதினால்தான் பக்கத்துப் பக்கத்துப் புலங்கள் கிராமப் படத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்பதையும் அவர் பொறுமையாகச் சொன்னார்.

பெரியவர் வெகுநேரம் தன் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நான் களை வெட்டறது கூரையிலீங்களா?" என்று கேட்டார். யாராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கேள்வியில் இருந்த நியாயத்தையும் யாராலும் மறுக்க முடியவில்லை. கூலியும் உரமும் அவர் கூரைக் கணக்கில்தானே கொடுக்கிறார்.

நான்கு மூலைக் கற்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அண்டை பட்டாதாரர்கள் கையெழுத்திட்டு முடித்ததும், பெரியவர் தன் பட்டா நகலின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டி, அளவை எழுதித் தரச் சொன்னார். நான் 100 சென்ட் என்று எழுதி, அவர் மனம் ஆறட்டும் என்று கீழே 'சரிவின்மேல் 115' என்றும் எழுதினேன். நில அளவர் தாளை வாங்கிப் பார்த்து, இரண்டாவது வரியைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இறங்கும் வழியில், "அதை அவருக்கு வாயால் சொல்லு, ஆயிரம் தடவை வேணும்னாலும் சொல்லு; எழுத்தில் மட்டும் நாம் இரண்டு அளவு கொடுக்கக்கூடாது" என்றார்.