135 லென்ஸ் வாங்கலாமா?

துரியோதனன் சுழன்றாடுகிறான், என் 70-200 எஃப்/4 ஜூம் லென்ஸில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன், ஏற்ற ஏற்றப் படம் புள்ளி புள்ளியாகும்) 12800 வைக்க வேண்டியிருக்கிறது, முகம் கலங்கலாகத்தான் விழுகிறது. கடலூர் பக்கத்துக் கிராமத்தில் கூத்து, மொத்த வெளிச்சமே நாலு டியூப்லைட்.

பக்கத்தில் நின்ற தம்பி "இதைப் போட்டுப் பாருங்கண்ணே" என்று தன் 135 எஃப்/1.8 லென்ஸைக் கழற்றித் தந்தான். அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 2500 போதுமாயிருந்தது.

கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, அரிதாரத்தைக் கீறிக்கொண்டு வியர்வை இறங்குவதுகூட.

எஃப் எண் சிறிதானதால் ஐந்து மடங்கு வெளிச்சம், சரி. ஆனால் ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் படம் தெளிவாக விழும் ஃபோகஸ் ஆழம் அரை அடிதான், ஆடுகிறவர் ஒரு எட்டு முன்னால் வைத்தால் போச்சு. ஜூமும் கிடையாது, பின்னால் நகரலாம் என்றால் பாய் விரித்துப் பாட்டிகள். விலையோ லட்சத்துக்கு மேல்!

நமக்குச் சோறு போடுவது கல்யாண மண்டபம், அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. கூத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். புதுச்சேரியில் யாராவது தருகிறார்களா?