தையல் லைனில் காது கேளாதவர் சேரும்போது

துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் அது நடக்காது. ஊசி இறங்கிய இடத்தில் துளை நின்றுவிடும். நூலைப் பிரித்தாலும் தெரியும், மேலே இன்னொரு வரி ஓட்டினாலும் தெரியும். துளைக்குப் பக்கத்தில் துளை விழுந்தால் தபால்தலை ஓரம் மாதிரி தோல் அங்கேயே கிழியவும் செய்யும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்க இருக்கிற ஷூ கம்பெனிகளில், தையல் லைனில் ஒரு சொல் தவறினால் ஓர் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) வீண். ஒரு லாட்டுக்கே, அதாவது ஒன்றாகத் தைக்கக் கொடுத்த மொத்தத் தொகுதிக்கே, தவறினால் என்ன ஆகும் என்று அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் காது கேளாத ஒருவர் வேலைக்கு வரும்போது, "இவங்களுக்கு எப்படிம்மா சொல்றது?" என்ற கேள்வி முதலில் கிளம்புகிறது. கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலில் பெரும்பகுதி, காது கேட்கிறவர்கள் எந்தெந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பதுதான்.

முதலில் விட வேண்டியது, "வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க" என்ற நம்பிக்கை. தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. பணமும் மணமும், பாலையும் மாலையும் கண்ணுக்கு ஒன்றுதான். தோல் ஓரத்தை மடிக்கும் ஃபோல்டிங் மேசையில் "மடி" என்று சொன்னால் அது "படி" என்றும் தெரியும். "ஒட்டு", "ஓட்டு" இரண்டுக்கும் வித்தியாசம் நீளம் மட்டுமே. ஒன்று சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவுகிற வேலை, மற்றொன்று தையல் போடுகிற வேலை. க, ண, ள, ழ எல்லாம் நாக்கு உள்ளே செய்கிற காரியம், வெளியே எதுவும் தெரியாது. நன்றாக உதடு படிக்கிறவர்களும் பாதியைப் பார்த்து, மீதியைச் சூழ்நிலையை வைத்து ஊகிக்கிறார்கள். ஊகம் களைப்பு தரும். எட்டு மணி நேர வேலையில் மதியத்துக்கு மேல் அவர்கள் "கவனிக்கலை" என்று தோன்றினால், பல நேரம் அந்தக் களைப்புதான் காரணம்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே லைனில் தமிழ் வீடு, உருது வீடு, தெலுங்கு வீடு எல்லாமே இருக்கும். உருது பேசும் வீட்டில் வளர்ந்த பெண் உதடு படிக்கக் கற்றது அம்மாவின் உருதுவில். அவருக்குத் தமிழில் எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் அது வேறு மொழி. சைகையும் எல்லோருக்கும் ஒன்று அல்ல. காது கேளாதோர் பள்ளியில் படித்தவர் பள்ளிச் சைகையோடு வருவார். மலையடிவார ஊரிலிருந்து பள்ளிக்கே போகாமல் வந்தவருக்கு வீட்டார் மட்டும் அறிந்த சைகைதான் இருக்கும். இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்தால் முதல் நாள் தடுமாறுவார்கள். ஆனால் கேட்கிறவர்கள் கற்பதைவிடச் சீக்கிரம் ஒருவர் சைகையை மற்றவர் பிடித்துக்கொள்வார்கள்.

சத்தம் போட்டுச் சொல்வதும் உதவாது. கத்தும்போது உதட்டின் வடிவம் கோணிப்போகும், முகம் கோபமாகத் தெரியும். முழுதாகக் கேட்காதவருக்கு அது திட்டு. காதில் மெஷின் வைத்திருப்பவருக்கோ அதைவிடத் தொல்லை. அது நமக்கு வேண்டிய குரலை மட்டும் பொறுக்கித் தராது. நாற்பது தையல் இயந்திரத்தின் இரைச்சலையும் ஹேமர் அடியையும் சேர்த்தே பெருக்கித் தரும். அதனால் பலர் தையல் கூடத்துக்குள் வந்ததும் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார்கள். கேன்டீனில் கூப்பிட்டால் திரும்புகிறவர் லைனில் திரும்பாமல் போவது இதனால்தான். "வேணும்னே நடிக்கிறாங்க" என்ற பேச்சு அங்கேயிருந்துதான் பிறக்கிறது. இதை ஒரு முறை விளக்கிச் சொல்லிவிட்டால் பாதிப் பகை போய்விடும். யாரும் சொல்வதில்லை.

வேலை சொல்லிக்கொடுக்க, வாயைவிட மாதிரி நல்லது. பேச வேண்டியிருந்தால் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். மாஸ்க்கை இறக்கிக்கொள்ள வேண்டும், வெற்றிலை வாயோடு பேசக் கூடாது. பேசுவதற்கும் காட்டுவதற்கும் நடுவே இடைவெளி விட வேண்டும். கேட்கிறவர் கையைப் பார்த்துக்கொண்டே காதால் வாங்குவார். கேளாதவருக்கு இரண்டுக்கும் கண் ஒன்றுதான். "இங்க பாரு, ஓரத்திலேர்ந்து ரெண்டு மில்லி விட்டு..." என்று தைத்தபடியே சொன்னால், அவர் தையலைப் பார்ப்பாரா, வாயைப் பார்ப்பாரா? காட்டு, நிறுத்து, முகம் பார்த்துச் சொல், மறுபடி காட்டு. இந்த வரிசை மட்டும் போதும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்த நூல் என்பதை ஒப்புதல் பெற்ற ஒரு பீஸின் மேலேயே சில்வர் பேனாவால் எழுதி அவர் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டால் கேள்விகள் குறையும். அளவு எண்களை வாயால் சொல்லாமல் எழுதியே காட்ட வேண்டும்.

பெரிய தவறு நடக்கும் இடம் தலையாட்டல். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஆட்டுவார்கள். புரியாமலும் ஆட்டுவார்கள், ஏனென்றால் புரியவில்லை என்று காட்டிய ஒவ்வொரு முறையும் எதிரில் இருந்தவர் முகம் சுளித்ததைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்தவர்கள். ஆகவே அந்தக் கேள்வியையே கேட்க வேண்டாம். கழிவுத் தோலில் ஒன்றைத் தைக்கச் சொல்லிப் பாருங்கள். பிறகு நல்ல தோலில் முதல் ஜோடி, அதைப் பார்த்த பிறகு லாட். கேட்கிறவர்களுக்கும் இதே முறையை வைத்தால் ரிஜெக்ட் குறையும் என்பது இதில் வந்து சேரும் உபரி லாபம்.

எழுதிக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் அரைகுறைதான். பிறவியிலேயே கேளாதவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி, அதுவும் கேட்காமல் கற்ற மொழி. சொல் தெரியும், விகுதி நழுவும். "நாளை லீவு இல்லை" என்று போர்டில் எழுதினால் கண்ணில் முதலில் நிற்பது "நாளை", "லீவு". "வர வேண்டும்", "வர வேண்டாம்" இரண்டுக்கும் கடைசியில்தான் வேறுபாடு. ஆகவே எதிர்மறையில் எழுதாமல் நேராக எழுதுங்கள்: தேதி, கிழமை, "வேலை உண்டு", காலை 8:30, வேன் எண். விடுமுறை என்றால் தேதியைப் போட்டு மேலே பெரிய பெருக்கல் குறி. ஓவர்டைம் இருப்பதை மைக்கில் மட்டும் சொல்லிவிட்டுப் போனால், ஒருவர் மட்டும் பையை எடுத்துக்கொண்டு வேனில் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் வராததைக் கண்டு இறங்கித் திரும்பி வரும்போது எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். தவறு மைக்குடையது.

கூப்பிடும் விதத்தில் ஆபத்தே இருக்கிறது. ஊசி ஓடும்போது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் உடம்பு அதிரும், விரல் ஊசிக்குள் போகும். பார்வைக்குள் வரும்படி பக்கவாட்டில் நின்று கையை அசைக்கலாம். மிதியிலிருந்து கால் எடுக்கும்வரை காத்திருந்து மேசையை லேசாகத் தட்டலாம். அவசரம் என்றால் எதிரில் இருப்பவரைக் கைகாட்டச் சொல்லலாம். எதையாவது விட்டெறிந்து கூப்பிடுவது சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கேட்கிறவர்மேல் யாரும் நூல்கண்டை எறிந்து கூப்பிடுவதில்லை.

இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழைய டெய்லர்கள் கோளாறு சொல்வார்கள். ஊசி முனை மழுங்கினால் ஒரு சத்தம், தட்டில் இடித்தால் ஒரு சத்தம். கேளாதவர் அதே செய்தியை உள்ளங்கையில் வரும் அதிர்விலும் தையலின் தோற்றத்திலும் எடுக்கிறார். எடுக்கப் பழக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு பாபினுக்கு (கீழ்நூல் சுற்றிய உருளை) எத்தனை ஜோடி வரும் என்று முதல் நாளே எண்ணிவிட்டால், நூல் தீர்ந்தது தெரியாமல் வெறும் துளை ஓட்டுவதைத் தடுக்கலாம். ஊசி மாற்றவும் நேரக் கணக்கு வைத்துவிடுவது நல்லது.

தீ விஷயத்தில் சமாதானத்துக்கு இடமில்லை. சொல்யூஷன் எளிதில் பற்றும் பொருள். சைரனோடு மின்னும் விளக்கு கூடத்தில் மட்டுமல்ல, கழிப்பறையிலும் சாப்பிடும் இடத்திலும் வேண்டும். "பக்கத்து அக்கா கூட்டிக்கிட்டு வருவாங்க" என்ற ஏற்பாடு, அந்த அக்கா லீவு போட்ட நாளிலும், இவர் கழிப்பறையில் இருக்கும் நேரத்திலும் உடைந்துவிடும். பயிற்சி ஒத்திகையில் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் வேலை சம்பந்தப்பட்டது, ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாமல் இருப்பது மதிய சாப்பாட்டு மேசை. பத்துப் பேர் சேர்ந்து சிரிக்கிறார்கள். கேளாதவர், "என்ன?" என்று புருவத்தைச் சுருக்கிக் கேட்கிறார். பக்கத்தில் இருப்பவர் கையை அசைத்து "ஒண்ணுமில்ல" என்கிறார், அல்லது "அப்புறம் சொல்றேன்". அந்த அப்புறம் வருவதில்லை. சொல்பவருக்கு இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சின்ன விஷயத்தைச் சைகையில் சொல்வது சிரமம், அவ்வளவுதான். ஆனால் வீட்டில், கல்யாணத்தில், பஸ்ஸில், மருத்துவமனையில் என்று அவர் வாழ்நாளில் அதிகம் பார்த்த பதிலே இந்த "ஒண்ணுமில்ல"தான். "அவங்க ரொம்ப சந்தேகப்படுவாங்க", "தன்னைப் பத்திப் பேசறோம்னு நினைப்பாங்க" என்று லைனில் சொல்லப்படும் குறைக்கு வேர் இங்கே இருக்கிறது. அரை நிமிடம் எடுத்து, "அவ வீட்டு ஆடு தோசை மாவைக் குடிச்சிடுச்சாம்" என்று கையாலும் முகத்தாலும் சொல்லிவிட்டால் போதும். அரைகுறையாகச் சொன்னாலும் போதும். சொல்லாமல் விடுவதுதான் வலிக்கும்.

"கோபக்காரங்க" என்ற குறையும் இப்படித்தான். சைகை மொழியில் முகம் இலக்கணத்தின் பகுதி. ஆமா இல்லையா என்று கேட்க ஒரு புருவம், யார் எங்கே என்று கேட்க இன்னொரு புருவம். கேட்கிறவர் குரலை ஏற்றி இறக்குவதை அவர் முகத்தில் செய்கிறார். அதைச் சண்டையாகப் படிப்பது நம் அறியாமை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள்: கன்னத்து மச்சம், கனத்த மீசை, கை நிறைய வளையல். கேலி என்று முறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. பெயர் வைத்தால் நீங்கள் அவர்கள் பேச்சுக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். நம் பக்கத்தில் "ஊமை" என்ற சொல்லை விட வேண்டும். அது இழிவு மட்டுமல்ல, பொய்யும்கூட. பெரும்பாலோருக்குக் குரல் நன்றாகவே இருக்கிறது. பெயர் சொல்லுங்கள். மூத்தவர் என்றால் கேட்கிறவரிடம் சொல்வதுபோலவே அக்கா, அண்ணா.

உட்கார வைப்பதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. நாற்பது பேர் நடுவில் ஒருவரை மட்டும் போட்டால், நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் சில மாதங்களில் நின்றுவிடுவார். எல்லோரையும் ஒரே மேசையில் சேர்த்தால் அது "அவங்க மேசை" ஆகிவிடும், மற்றவர்கள் ஒரு சைகையும் கற்க மாட்டார்கள். இரண்டு மூன்று பேர், ஒருவரையொருவர் பார்க்கும்படி, ஆனால் லைனுக்குள்ளேயே. இதுதான் நடைமுறையில் நிற்கும் ஏற்பாடு. "அவங்க அரட்டை அடிக்க மாட்டாங்க, ப்ரொடக்ஷன் நல்லா வரும்" என்று பாராட்டுகிற மேலாளர்களும் உண்டு. அந்தப் பாராட்டு வேண்டாம். அவர்கள் பேசுவார்கள், பேசும்போது கை நிற்கும். மனிதர் என்று எடுத்தால் அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வேலூர்ப் பக்கம் இதற்கெல்லாம் முன்மாதிரி இல்லாத ஊர் அல்ல. 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கை அறுவையை உட்கார்ந்தே செய்ய முடியும் என்று அவரை அறிந்தவர்கள் யோசித்ததால் அது நடந்தது. 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததும் அவரால்தான். காட்பாடியில் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக 1963-இல் தொடங்கிய தொழிற்கூடம் இன்று வொர்த் டிரஸ்ட் என்ற பெயரில் நடக்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் தட்டச்சு இயந்திரம் அங்கே உருவாகிறது. சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது. அலுவலகச் சுவரில் மாட்டிய அந்தத் தாளைத் தையல் கூடத்தில் யார் படிக்கிறார்கள் என்பதுதான் கவலை.

கடைசியில் நின்று பார்க்க வேண்டியது பதவி உயர்வு. பத்து வருடம் ஒரே மேசையில் ஒரே தையல் போடும் கேளாதோர் பலர். கண் கூர்மைக்கு செக்கிங் வேலை பொருத்தமானது என்று எல்லோரும் சொல்வார்கள், கொடுக்க மாட்டார்கள். "இவங்க சொல்லி நாங்க கேக்கணுமா?" என்ற முணுமுணுப்புக்குப் பயம். கொடுக்கும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குறைக்கு அம்பு ஸ்டிக்கர், என்ன குறை என்று சொல்ல நான்கைந்து குறிகள்: தையல் விலகல், நூல் விட்டது, ஷேட் வேறு, ஓரம் கிழிசல். அந்தக் குறிகளை லைன் முழுக்கக் கற்பிக்க ஒரு நாள் போதும். அதன் பிறகு ரிஜெக்ட் பீஸை சூப்பர்வைசர் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. செக்கரே எழுந்து போய், பதினைந்து வருட டெய்லரின் மேசையில் வைத்து, அம்பைக் காட்ட வேண்டும். டெய்லர் தலையைத் தூக்கி சூப்பர்வைசரைப் பார்ப்பார். அப்போது சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். டெய்லர் திரும்பி செக்கரிடமே கேட்பார், கையால்.