எச்சில் துப்பிப் பூர்வீகம் கண்டுபிடித்த அண்ணன் மகன்

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து தன் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டான். வாட்ஸப்பில் வரைபடம் வந்தது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்த்து ஒரே நிறத்தில் அப்பியிருந்தார்கள்.

"இதுக்குக் காசு வேற குடுத்தியாடா? என்னயக் கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பனே."

"சரி, சொல்லுங்க அத்தே. நாம எந்த ஊரு?"

நெகமம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கேட்டது அதுக்கு முந்தின ஊரை.

நாங்கள் தேவாங்கர், நெசவு செய்கிற சாதி. வீட்டில் கன்னடம், வாசல்படி தாண்டினால் கொங்குத் தமிழ். பொள்ளாச்சிக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் நெகமம் சேலைக்கு இப்போது புவிசார் குறியீடு எல்லாம் வந்துவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது குழித்தறியில் அப்பாவின் காலும் கையும் ஓயாமல் ஆடியதால் வந்த சேலை, அவ்வளவுதான். தறிக்கு நூல்கண்டாகத் தார் சுற்றிக் கொடுத்தால்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது தமிழ் மட்டும். அம்மா எனக்குக் கன்னடத்தில் எழுதிய கடிதங்கள்கூடத் தமிழ் எழுத்தில்தான் இருக்கும். பெங்களூர்க்காரர்கள் யாராவது எங்கள் கன்னடத்தைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் எந்த ஊர் என்று கேட்பார்கள். மறுபடியும் அதே கேள்வி!

அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம், கேட்டால் ஒரே பதில்: "ஹம்பியிந்த பந்தோரு." ஹம்பியிலிருந்து வந்தவர்கள் என்று அர்த்தம். ஹம்பி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவ்வாவுக்குத் தெரியாது. ஆனால் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. தேவாங்கரின் மடமான காயத்ரி பீடம் இன்றும் ஹம்பியில்தான் இருக்கிறது. விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இருந்த இடம் அது. 1565ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்று, அந்த நகரம் பாழானது. அப்போது தறியைத் தூக்கிக்கொண்டு தெற்கே வந்தோம் என்பது எங்கள் சனம் விரும்பிச் சொல்லும் கதை. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. நெசவாளி போருக்குப் பயந்து மட்டும் இடம் மாறுவதில்லை. பருத்தி விளைகிற பக்கம், சேலை விற்கிற பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பான். அதுவும் கோயம்புத்தூர்ச் சீமை 1799ல் திப்பு விழும்வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. இப்போது கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் 1956 வரைக்கும் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்தப் பக்கத்து மாதேஸ்வரன் மலைக்குப் போய்வந்த என் தாத்தாவுக்கு அது சொந்த ஜில்லாவுக்குள் ஒரு பயணம். அவருக்கு அப்பா பெயர் தெரியும். அதற்கும் மேலே யாருக்கும் எதுவும் தெரியாது.

எச்சில் சோதனை இதையெல்லாம் சொல்லாது. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரிகளோடு நம்முடையதை ஒப்பிட்டு, யாரோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று சொல்வார்கள். எந்த வருசம் எந்த ஆற்றைத் தாண்டினோம் என்பது அதில் எப்படி வரும்? வீட்டில் என்ன மொழி பேசினோம் என்பதும் வராது.

அவனுக்கு நான் சொன்னது வேறு, எங்கள் குலக்கதை. ஆடையில்லாமல் இருந்த உலகத்துக்குத் துணி நெய்யத் தேவலர் பிறந்தார். விஷ்ணுவின் நாபித் தாமரையில் நூல் வாங்கிக்கொண்டு வரும்போது அசுரர்கள் மறித்தார்கள். எங்கள் குலதெய்வம் சௌடேஸ்வரி தோன்றி அவர்களை வதைத்தாள். ஐந்து அசுரரின் ரத்தத்தில் நூலுக்கு ஐந்து நிறம் ஏறியது. அது நடந்தது அமாவாசையில். அதனால் எங்கள் வீட்டில் அமாவாசைக்குத் தறி ஓடாது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் லீவு.

கோயம்புத்தூர் ராஜவீதியில் விஜயதசமிக்கு எங்கள் சௌடேஸ்வரி அம்மன் ஊர்வலத்தை வந்து நின்று பார்த்திருப்பீர்கள். வெற்று மார்போடு இளைஞர்கள் கத்தி போட்டுக்கொண்டு, அதாவது உடம்பில் கத்தியால் கீறிக்கொண்டு வருவார்கள், காயத்தில் மஞ்சள்பொடியை அப்பிக்கொண்டு. வரமாட்டேன் என்று வழியில் நின்றுவிட்ட அம்மனை ரத்தம் சிந்தி அழைத்து வந்ததாக அப்பா சொன்ன கதை. அண்ணன் ஒரு வருசம் போட்டான். அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அவர்கள் கத்துவது "தீசுக்கோ தாயே", எடுத்துக்கொள் தாயே என்று. அது தெலுங்கு! தேவாங்கரில் தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டுதான். ஆனாலும், வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், சாமிக்குத் தெலுங்கு என்றால் எந்த வரைபடத்தில் எங்களை நிறுத்துவார்கள்?

எங்கள் சனத்தில் இரண்டு பேர் சந்தித்தால் குலப்பெயர் கேட்டுக்கொள்வோம். இருமனேரா, ஏந்தேலாரா என்று. பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டரம்மா "நாங்க காடை கூட்டமுங்" என்பார். அவர்கள் வீட்டில் காடைக்கறி தொடமாட்டார்கள். ஒரே கூட்டம் என்று தெரிந்த நிமிசத்தில் முன்பின் தெரியாதவர் பங்காளியாகிவிடுவார், பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கும்.

என்னோடு வேலை பார்த்த அருந்ததியர் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்ககிட்டக் கேட்டா கதை சொல்றீங்க. என்கிட்டக் கேட்டா நான் ஊர்ப்பேரோட நிறுத்திக்குவேன்." அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களைப் போலவே வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து "எந்த ஊருங்க, ஊர்ல எந்தப் பக்கமுங்க" என்று இழுக்கும் ஆளுக்குத் தேவைப்படுவது அவளுடைய தாத்தா கதை இல்லை. தெருவைத் தெரிந்துகொண்டால் அவருக்குப் போதும். இதை அண்ணன் மகனிடம் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அங்கேயும் தமிழர் வீட்டு விருந்துகளில் அந்த இழுவை உண்டாம்.

இப்போது எங்கள் வீட்டில் வேறு பஞ்சாயத்து. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கன்னடம் தாய்மொழி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அடுத்த கணக்கெடுப்பு 2027ல், சாதியும் கேட்பார்களாம். மகள் தமிழ் என்றுதான் சொல்வேன் என்கிறாள். அவளுக்குக் கன்னடம் புரியும், பதில் எல்லாம் தமிழில்தான் வரும். நான் கன்னடம் என்று சொல்லப்போகிறேன். "ஒரே ஊட்டுல ரெண்டு தாய்மொழி சொன்னா எழுதறவர் முழிப்பாருங்" என்றார் வீட்டுக்காரர். ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தானே கேட்கிறார்கள், முழிக்கட்டும் என்றேன். சாதி பற்றிக் கேட்டதற்கு, "அத மட்டும் நீங்களே சொல்லிக்கங்க, என்னை விட்ருங்க" என்று மகள் எழுந்து போய்விட்டாள்.