கை நடுங்குகிறவர்களுக்கு ஒரு தட்டு: மனிதர் மைய வடிவமைப்புப் பாடத்தின் 15 வாரம்

மனிதர் மைய வடிவமைப்பு என்றால், பயன்படுத்தப்போகிறவரைக் கவனித்து அவருக்கேற்ப ஒரு பொருளை உருவாக்குவது. குழுவில் 5 மாணவர்கள். முதியோர் இல்லத்தில் கை நடுக்கம் உள்ளவர்கள் தாங்களாகவே சாப்பிட உதவ வேண்டும் என்பதுதான் கொடுத்த வேலை. இப்படித் தலைப்பு வந்ததுமே பல குழுக்கள் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையும் சென்சாரும் வாங்கக் கிளம்பிவிடும். முதல் 3 வாரம் எதையும் வாங்காதீர்கள்.

வகுப்பு முடிந்து 4 மணிக்குப் போனால் பேச்சு மட்டும்தான் கிடைக்கும். பகல் சாப்பாட்டு வேளைக்குப் போக வேண்டும். "ஸ்பூன் செஞ்சு தந்தா சாப்பிடுவீங்களா பாட்டி?" என்று கேட்டால், பிள்ளைகள் மனசு நோகக் கூடாதென்று "சரிப்பா" என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் வேறு. பிசைவது கையால்தான். பிசையப் பிசையத் தட்டு நகர்கிறது, இடது கையால் பிடித்துக்கொள்ள முடியவில்லை, சோறு விளிம்பைத் தாண்டி விழுகிறது. மாற்ற வேண்டியது தட்டைத்தான். நோட்டில் 'சொன்னது', 'செய்தது' என்று இரண்டு பத்தி போட்டு எழுதினால் இது பளிச்சென்று தெரியும். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். கை தெரிந்தால் போதும், முகம் வேண்டாம்.

முதல் மாதிரிக்கு 28 செ.மீ. எவர்சில்வர் தட்டும் அட்டையும் போதும். அலுமினியத் தாள் சுற்றிய அட்டை ஒரு வேளைக்குத் தாங்கும். 1.5, 2.5, 4 செ.மீ. என மூன்று உயரத்தில் தட்டின் விளிம்பில் சுவர் வைத்துப் பாருங்கள். 1.5-இல் சோறு தாண்டுகிறது, 4-இல் மணிக்கட்டு இடிக்கிறது. 2.5 சரி, அதுவும் சாப்பிடுகிறவருக்கு எதிர்ப்பக்கம் அரை வட்டத்துக்கு மட்டும்.

சுவரை பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சு எடுக்க ஆசை வரும். 60 டிகிரி வாக்கில் பிஎல்ஏ இளகிவிடும். வெந்நீரில் கழுவினால் கோணிக்கொள்ளும், அடுக்குகளின் இடுக்கில் சோறு தங்கும். பட்டறையில் எவர்சில்வர் பட்டையை ஆர்கான் வெல்டிங் வைத்து, உள்மூலையை வழவழவென்று தேய்த்து வாங்குங்கள். வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் ஒட்டினால் நாலு கழுவலில் பசை விட்டுவிடும். உணவுத்தர சிலிக்கான் விரிப்பைத் தனியாக வெட்டித் தட்டுக்கு அடியில் போடுவதே நல்லது.

மதிப்பாய்வில் "இதில் புதுமை என்ன?" என்று கட்டாயம் கேட்பார்கள். சிந்திய சோற்றின் எடையோடு போங்கள்: ஒரே ஆள், ஒரே சாம்பார் சாதம், பழைய தட்டில் மூன்று வேளை, புதியதில் மூன்று வேளை.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கிய, சமூகத்துக்கான பொறியியல் திட்டங்களைச் செய்யும் எபிக்ஸ் பாடத்தில் முதலாண்டு முதல் இறுதியாண்டு வரையுள்ள மாணவர்கள் ஒரே குழுவில் இருப்பதால், பருவம் முடிந்தாலும் வேலை அறுந்துபோகாது. இங்கே நம் குழு கலைந்துவிடும். அதனால் அளவுகள், பட்டறை, விரிப்பு வாங்கிய கடை எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, இல்லத்துச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள்.