பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கா? அமெரிக்காவுல லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள நான் பட்ட பாடு

லைசென்ஸ் கார்டு ஒருவழியா தபால்ல வந்துருச்சு. போட்டோ வழக்கம்போல கேவலமா இருக்கு, அது போகட்டும். பேரு போடற எடத்துல "எஃப்என்யூ கயல்"னு அடிச்சிருக்கு (நிஜப் பேரு வேற, இங்க கயல்னு வச்சுக்கங்க). சரி இதாவது குடுத்தாங்களேன்னு வாங்கி பர்ஸ்ல வச்சுக்கிட்டேன், ஏன்னா இந்த ஒரு அட்டைக்காக ஏறி எறங்குன ஆபீஸ்களையெல்லாம் நெனச்சா இன்னும் வயிறு எரியுது. எச்4ல (எச்1பி வேலை விசாக்காரங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசா) வரப்போறவங்க, அதுலயும் பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லாதவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. எச்1பி, எஃப்1 (படிப்பு விசா) காரங்களுக்கும் பேரு தொல்லை இதேதான்.

நமக்கு ஏது சர்நேம், அப்பா பேரோட மொத எழுத்து இனிஷியல், அதோட முடிஞ்சுது. பாஸ்போர்ட்ல இனிஷியல் போட மாட்டாங்கங்கறதால கிவன் நேம்ல கயல், சர்நேம் கட்டம் காலி. ஊர்ல இத ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல. ஆனா அமெரிக்க விசாவுல சர்நேம காலியா விட மாட்டாங்க, இருக்கற ஒத்தப் பேரத் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு, முதல் பேருக்கு எஃப்என்யூன்னு, அதாவது முதல் பேரு தெரியாதுன்னு அடிச்சுருவாங்க. ஆக பாஸ்போர்ட்ல கயல் என்னோட முதல் பேரு, விசாவுல அதே கயல் கடைசிப் பேரு. மொத்த வம்பும் இங்கதான் ஆரம்பம்.

வந்து எறங்குனதும் ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு, எதுவரைக்கும் தங்கலாம்னு அதுல இருக்கும்) டவுன்லோட் பண்ணலாம்னு பாத்தா அப்படி ஒரு ஆளே நாட்டுக்குள்ள வரலங்குது சைட்டு. வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ல உள்ளபடியே போட்டுப் பாத்துட்டு பயந்தே போயிட்டாரு. அப்பறம் முதல் பேருல எஃப்என்யூ, கடைசிப் பேருல கயல்னு அடிச்சதும் டக்குனு வந்துச்சு. வந்த உடனே பிரின்ட் எடுத்து வச்சுக்கங்க. அதுல பேரோ தேதியோ தப்பா இருந்தா, ஏர்போர்ட்ல குடுத்த ஐ-94ஐத் திருத்தறது டெஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் ஆபீஸ் (ஏர்போர்ட் பார்டர் அதிகாரிங்களோட ஆபீஸ்), குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ்க்கு எழுதிட்டு ஒக்காந்திருக்காதீங்க. இன்னொண்ணு, விசா தேதி எவ்ளோ தள்ளி இருந்தாலும் பாஸ்போர்ட் அதுக்கு முன்னாடி முடியுதுன்னா ஐ-94ஐ பாஸ்போர்ட் தேதியோட நிப்பாட்டிருவாங்க, லைசென்ஸும் அதுவரைக்கும்தான் கெடைக்கும், ஸ்டாம்ப் பாத்துட்டு நிம்மதியா இருந்துறாதீங்க.

இனி டிஎம்வி, அதாவது லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ். நாங்க இருக்கற எடத்துல பஸ்ஸுன்னு ஒண்ணு கெடையாது, பால் வாங்கணும்னாலும் கார்தான், அதனால வந்ததும் மொத வேலையா அங்கதான் போனோம். டோக்கன் எடுத்து மதியம் வரைக்கும் காத்திருந்து கவுன்டருக்குப் போனா அந்தம்மா கேட்ட மொத கேள்வி சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (வேலை, வரிக்கெல்லாம் அரசாங்கம் குடுக்கற நம்பர்) எங்கன்னு. எச்4ங்க, வேலை பாக்க அனுமதி இல்ல, அதனால எனக்கு நம்பர் தர மாட்டாங்கன்னு சொன்னேன். "தர மாட்டோம்னு அவங்க எழுதிக் குடுத்த லெட்டர் எங்க?" அவ்ளோதான், அடுத்த டோக்கன கூப்டுட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்காரருக்கு ஒரு நாள் லீவு வேஸ்ட்டு.

அந்த லெட்டருக்காக சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸுக்குப் போனா, கவுன்டர்ல இருந்தவரு சிரிச்ச மொகமாத்தான் பேசுனாரு, ஆனா உங்களுக்குத் தகுதி இல்லம்மா, வொர்க் பர்மிட் வந்ததும் வாங்கன்னு அனுப்பி வைக்கப் பாத்தாரு. தகுதி இல்லன்னு எனக்குத் தெரியாதா, அதையே பேப்பர்ல எழுதித் தாங்கன்னுதான வந்து நிக்கறேன்னு சொன்னா அவருக்குப் புரியல. எங்க அபார்ட்மென்ட்ல பல வருஷமா இருக்கற ஒரு அக்காவுக்கு அங்கேருந்தே போன் போட்டேன். "எல்676னு ஃபார்ம் நம்பரச் சொல்லிக் கேளு கண்ணு, கைல வாங்காம அந்த எடத்த விட்டு நகராத"ன்னாங்க. நம்பரச் சொன்னதும் அஞ்சு நிமிஷத்துல பிரின்ட் வந்துருச்சு. இதத்தான் நான் மொதல்லேர்ந்து கேட்டேன்! லெட்டர வாங்கினா தள்ளிப் போடாம டிஎம்வி போயிருங்க, பழைய தேதி லெட்டர எடுத்துக்க மாட்டோம்னு சொல்ற எடமும் இருக்கு.

அட்ரஸ் ப்ரூஃப் அடுத்த தலைவலி. ரியல் ஐடி (உள்நாட்டு ஃப்ளைட்டுக்கும் செல்லற மாதிரி லைசென்ஸ்) வேணும்னா ரெண்டு காட்டணும், டிபென்டன்ட்டா வந்தவ பேருல என்ன பில் வரும் சொல்லுங்க? லீஸ், கரன்ட், இன்டர்நெட் எல்லாம் அவரு பேருலதான். லீஸிங் ஆபீஸ்ல கேட்டு என் பேரையும் சேத்தோம், அவங்க இவரு ஈமெயில்ல எழுதின மாதிரியே "கயல் எஸ்"னு போட்டுட்டாங்க. பேங்க்ல ஜாயின்ட் அக்கவுன்ட்ல சேத்தோம், அவங்க விசாவப் பாத்து "எஃப்என்யூ கயல்"னு போட்டாங்க. ரெண்டையும் எடுத்துட்டுப் போனா, ரெண்டும் வேற வேற ஆளு, இதுல நீங்க யாருன்னு கேட்டாங்க கவுன்டர்ல. திரும்ப லீஸிங் ஆபீஸ், திரும்ப புது பேப்பர், திரும்ப டோக்கன். அதனால வந்த மொத வாரத்துலயே எந்த ஆபீஸ்ல பேரு குடுத்தாலும் ஐ-94ல எப்படி இருக்கோ அப்படியே எழுத்து மாறாம குடுங்க, அழகா இல்லையேன்னு பாக்காதீங்க, இனிஷியல மறந்துருங்க.

இதெல்லாம் சரியா கொண்டு போன அன்னிக்குத்தான் பெரிய ஆப்பு. டிஎம்வில நம்ம ஸ்டேட்டஸ சேவ்னு ஒரு ஃபெடரல் சிஸ்டத்துல சரிபாப்பாங்க, உங்க நேரம் நல்லா இருந்தா அங்க நிக்கும்போதே பதில் வந்துரும். எனக்கு வந்த பையன் பாஸ்போர்ட்டத் தொறந்து வச்சுக்கிட்டு முதல் பேருல கயல்னு அடிச்சான், கடைசிப் பேரு காலியா இருந்தா சிஸ்டம் விடல, அதனால அங்கயும் கயல். கயல் கயல்! எஃப்என்யூன்னு போடுப்பா, ஐ-94ஐப் பாருப்பான்னு நானும் சொல்றேன், எனக்கு பாஸ்போர்ட்தான் மெயின் டாக்குமென்ட்னு சொல்லி அனுப்பிட்டான். மேட்ச் ஆகல, கூடுதல் வெரிஃபிகேஷனுக்குப் போயிருக்கு, லெட்டர் வரும்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. லெட்டர் வரல. போன் பண்ணா மெஷின்தான் பேசுது. நேர்ல போனா சிஸ்டத்துல பெண்டிங்னு காட்டுது, வெயிட் பண்ணுங்கன்னு ஒரே பாட்டு.

இப்ப சொல்றது முக்கியம். சேவ் கேஸ்செக்னு யூஎஸ்சிஐஎஸ்ல ஒரு பக்கம் இருக்கு, பொறந்த தேதியும் டிஎம்வில குடுத்த ஐ-94 நம்பரும் போட்டா உங்க கேஸ் எந்த நெலமைல இருக்குன்னு காட்டும், காசு கெடையாது. நான் பாத்தப்ப அங்கேருந்து பதில் எப்பவோ டிஎம்விக்குப் போயாச்சுன்னு இருந்துச்சு. இவங்க தொறந்தே பாக்கல! அந்தப் பக்கத்தப் பிரின்ட் எடுத்துட்டுப் போயி, இந்தத் தடவ கவுன்டர்ல பேசாம நேரா சூப்பர்வைசர் வேணும்னு கேட்டேன். அவங்க வயசான அம்மா, கண்ணாடிய மூக்கு நுனில எறக்கி வச்சுக்கிட்டு ஐ-94ஐயும் விசாவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, "உங்க ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கு இது வழக்கம்தான்"னு சொல்லி தானே டைப் பண்ணாங்க. முதல் பேரு எஃப்என்யூ, கடைசிப் பேரு கயல். பச்சை டிக் வந்துருச்சு. எனக்கு அங்கயே கண்ணு கலங்கிருச்சு, இவரு திரும்பி நின்னு போன் பாக்கற மாதிரி நடிக்கறாரு.

நம்பர் அடிக்கும்போது எட்டிப் பாருங்க. ஐ-94 நம்பர் மொத்தம் 11 எடம், இப்ப வர்றதுல பத்தாவது எடத்துல ஒரு எழுத்து வரும், அதையும் எண்ணுன்னு நெனச்சு மாத்தி அடிச்சாலும் இதே கததான் நடக்கும்.

எழுத்துத் தேர்வும் ரோடு டெஸ்ட்டும் மொத தடவையே பாஸ், அதுல சொல்ல ஒண்ணுமில்ல. ஸ்டாப் சைன்ல முழுசா நிப்பாட்டுங்க, அவ்ளோதான்.

கார்டு வந்தாச்சு, தொல்லை தீரல. மருந்துக் கடைல நீட்டி மொழக்கி "ஃப்னூ"ன்னு கூப்பிடறாங்க, யாரோ சைனாக்காரங்கன்னு நெனச்சு நான் ஒக்காந்தே இருக்கேன். உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு ஐடியில இருக்கறதும் டிக்கெட்ல இருக்கறதும் ஒத்துப் போகணும், அதனால அதுலயும் எஃப்என்யூதான். ஊருக்குப் போற வழியில துபாய்ல நாலு நாள் தங்கலாம்னு ஆசப்பட்டா, 2022 நவம்பர் 21லேர்ந்து ஒத்தப் பேரு பாஸ்போர்ட்டோட விசிட் விசாவுல உள்ள விடறதில்லன்னு யூஏஇ ரூல் போட்ருக்கு. பாஸ்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரு இருந்தா பரவால்லன்னு அப்பறம் கொஞ்சம் தளத்துனாங்க, இருந்தாலும் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஏர்லைன்ஸ்ல கேட்டுருங்க.

அதனால இப்ப பாஸ்போர்ட்ட ரீஇஷ்யூ போட்டு சர்நேம் சேக்கப் போறேன். சர்நேம்ல யாரு பேரப் போடறதுன்னு வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடுச்சு. மாமியார் போன்ல "அதான் கல்யாணம் ஆயிருச்சே, அவன் பேரப் போட்ரும்மா"ன்னாங்க. பொறந்ததுலேர்ந்து இனிஷியலா இருந்தது எங்கப்பா பேருதான் அத்தை, சர்டிஃபிகேட் எல்லாத்துலயும் அதான் இருக்கு, அதையே விரிச்சு எழுதிடறேன்னு சொல்லிட்டேன். இவரு வாயே தொறக்கல. நல்லது.

புது பாஸ்போர்ட் வந்தாலும் பழசுல இருக்கற விசா செல்லும், பயணத்துக்கு ரெண்டையும் சேத்து எடுத்துட்டுப் போகணும், பழசத் தூக்கிப் போட்றாதீங்க. லைசென்ஸ்ல பேரு மாத்த மட்டும் ஐ-94லயும் புதுப் பேரு வர வரைக்கும் நான் டிஎம்வி பக்கம் தலை வச்சுப் படுக்கறதா இல்ல, மறுபடி அந்தப் பையன் கிட்ட டோக்கன் விழுந்தா யாரு பதில் சொல்றது.

இன்னும் கெளம்பாம ஊர்ல இருக்கறவங்க விசா ஸ்டாம்பிங்குக்கு முன்னாடியே, எச்1பின்னா கம்பெனி பெட்டிஷன் ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ட மாத்திருங்க, ஏன்னா பெட்டிஷனுக்கு வர்ற அப்ரூவல் நோட்டீஸ் ஐ-797லயும் பாஸ்போர்ட்ல உள்ள பேருதான் ஏறும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு நார்மல் ஃபீஸ் 1500 ரூபா. போகும்போது பத்தாவது மார்க்‌ஷீட்டயும் அப்பா பேரு முழுசா இருக்கற ஏதாவது ஒரு சர்டிஃபிகேட்டயும் கைல வச்சுக்கங்க.