மாற்று இடம் இல்லாத நிலையில்

"மேற்படி வார்டில் நகராட்சிக்குச் சொந்தமான மாற்று இடம் ஏதும் இல்லாத நிலையில்" என்று தொடங்கும் வரி, நகரமைப்புப் பிரிவுக் குறிப்பின் 2-ஆம் பக்கத்தில் இருக்கிறது. எழுதியவன் நான். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நகர்ப்புற நலவாழ்வு மையம் என்ற சிறு அரசு மருத்துவமனையைக் கட்டலாம் என்று சொல்லும் குறிப்பு அது. மன்றப் பொருளில் அது அப்படியே ஏறியது, தீர்மானத்திலும் ஒரு எழுத்து மாறாமல் ஏறியது. பொய் எழுதவில்லை. ஆனால் முழு உண்மைதானா என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

கேட்டவர் நகர்நல அலுவலர். மன்றக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "சார், இடம் தேடிப் பார்த்துட்டு இல்லைன்னு எழுதினீங்களா, இந்த இடம் கிடைச்சதும் தேடுறதை நிறுத்திட்டீங்களா?" நான் சொன்னது: "மேடம், மார்ச் முடியப் போகுது." அவர் அதற்கு மேல் பேசவில்லை. நலவாழ்வு மையம் வேண்டும் என்று முதலில் கடிதம் எழுதியவரே அவர்தான். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் விடாமல் உறுத்துகிறது. மையம் வேண்டாம் என்பவர் கேட்டிருந்தால் எளிதாகத் தள்ளியிருக்கலாம்.

இடம் 20 சென்ட். மனைப்பிரிவு போட்டவர் தானப்பத்திரம் மூலம் ஒப்படைத்த ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளிக்கென ஒதுக்கிய நிலம், வரைபடத்தில் பச்சை அடித்து 'பூங்கா' என்று குறித்த இடம். இந்த ஒதுக்கீடு எப்படி வருகிறது என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரை ஒதுக்கீடு இல்லை. அதற்கு மேல் 10,000 வரை, சாலை போக மீதியில் 10 விழுக்காட்டை நிலமாகத் தரலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் நிலமாகத்தான் தர வேண்டும். அதாவது அந்த 20 சென்ட் யாரும் நமக்குச் சும்மா கொடுத்ததல்ல. அங்கே மனை வாங்கிய ஒவ்வொருவரும் தன் மனையின் விலையில் அதற்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பட்டா நகராட்சி பெயரில் இருப்பதால் அது நகராட்சியின் காலி இடம் ஆகிவிடாது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

என் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது பூங்காவாக இருந்ததே பத்திரத்தில்தான். வேலி இல்லை. ஒரு ஓரம் சீமைக் கருவேலம், மறு ஓரம் யாரோ வீடு இடித்துக் கொட்டிய கட்டடக் கழிவு. டெங்கு தடுப்புக்குப் போன, கொசுப்புழு தேடும் டி.பி.சி. பணியாளர்கள் அங்கே கிடந்த டயரிலும் உடைந்த சிங்க்கிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் புழு எடுத்துக் காட்டினார்கள். வார்டு கவுன்சிலர் அம்மா மன்றத்தில் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "கொசு வளர்க்கவா அந்த இடத்தை வச்சிருக்கீங்க? ஆஸ்பத்திரி வந்தா நாலு பேர் பிழைப்பாங்க" என்றார். மேசையைத் தட்டினார்கள்.

ஆனால் ஏடிஸ் கொசுவுக்குக் காலி இடம் தேவையில்லை, தண்ணீர் தேங்கும் பாத்திரம்தான் தேவை. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒருமுறை அந்தப் பாத்திரங்களை அள்ளினால் சங்கிலி அறுந்துவிடும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழையில் பொரிக்கும் என்பதால், தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, பொருளையே அப்புறப்படுத்த வேண்டும். மொத்தத்தில் அது ஒரு நாள் ஜே.சி.பி., இரண்டு மூன்று டிப்பர் லோடு, பிறகு ஒரு வேலி. கட்டடம் கட்டுவதற்கான காரணமாகக் கவுன்சிலர் கொசுவைச் சொன்னபோது நகர்நல அலுவலர் தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நானும் எழுந்து சொல்லவில்லை. மன்றம் கேட்காமல் அலுவலர் பேசும் வழக்கம் இல்லை என்பது என் சமாதானம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பது வேறு.

மாற்று இடங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருந்தவை மூன்று.

முதலாவது, மாணவர் சேர்க்கை குறைந்து மூடிய நகராட்சித் தொடக்கப்பள்ளிக் கட்டடம். அது ஆரம்பக் கல்வி நிதிக் கணக்கில் இருக்கிற சொத்து. நகராட்சிக்குள்ளேயே வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று கணக்குகள் தனித்தனி. ஒன்றின் சொத்தில் இன்னொன்றின் வேலையைச் செய்ய கல்வித் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். இரண்டாவது, நத்தம் புறம்போக்கு. வருவாய்த் துறையிடமிருந்து நில மாற்றம் வாங்க வேண்டும். வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று கோப்பு படியேற வேண்டும். மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. மேல்நிலைத் தொட்டி வளாகம். 12 சென்ட் காலி, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கம், மரமும் இல்லை. குறுக்கே பகிர்மானக் குழாய் போகிறது. அதை ஓரமாக மாற்றிப் பதிக்க வேண்டும். அதற்குத் தனி மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, குடிநீர் நிதியிலிருந்து பணம், பிறகு ஒப்பந்தப்புள்ளி. நாலு மாதம் பிடிக்கும் என்று பொறியாளர் பிரிவில் வாய்மொழியாகச் சொன்னார்கள்.

எங்களுக்கு இருந்தது ஐந்து வாரம். நிதி ஒதுக்கீடு வந்தது கட்டடத்துக்கு, நிலத்தை நகராட்சி காட்ட வேண்டும். மார்ச் 31-க்குள் வேலை உத்தரவு போகாவிட்டால் மையம் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பேச்சு. ஆகவே சரியான வரி "மார்ச் 31-க்குள் ஒப்படைக்கத்தக்க மாற்று இடம் ஏதும் இல்லாத நிலையில்" என்பதுதான். நான் விட்டது மூன்றே சொல். அவை இருந்திருந்தால் யாராவது ஒரு உறுப்பினர், "மார்ச்சுக்குப் பிறகு என்றால் எது?" என்று கேட்டிருப்பார். கேட்டிருக்க மாட்டார் என்றும் தோன்றுகிறது. கையில் வந்த 25 லட்சத்தை எந்த மன்றம் விடும்?

பணம் வரும் வழியும் இங்கே முக்கியம். 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை உள்ளாட்சி வழியாக ஆரம்ப சுகாதாரத்துக்கென்று 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டன, 2023 ஜூனில் 500 திறக்கப்பட்டன, ஒன்றுக்கு 25 லட்சம். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நகரத்து ஏழைகளுக்கு வீட்டுக்கு அருகில் மருத்துவர் கிடைப்பது பெரிய விஷயம். பூங்காவுக்கு இப்படி ஒரு பெயரும் தலைப்பும் கிடையாது. 2015-இன் அம்ருத் என்ற மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் பசுமைவெளிக்கு உச்சவரம்பு திட்டச் செலவில் 2.5 விழுக்காடு, அதுவும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு. அதே 15-ஆவது நிதி ஆணைய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டிருந்தது. பூங்காவை எப்படியோ அமைத்துவிட்டாலும் காவலர் கூலி, மின்கட்டணம், தண்ணீர் எல்லாம் பொது நிதியிலிருந்து வர வேண்டும். பொது நிதியில் சம்பளமும் ஓய்வூதியமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது கணக்குப் பிரிவுக்குத் தெரியும். கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது. வெற்றிடத்தை வெற்றிடமாக வைத்திருக்கப் பணம் கொடுக்க ஆள் இல்லை. வேலி போடாத பூங்கா எல்லாம் ஒருநாள் 'பயன்படாத இடம்' ஆகும் வழி இதுதான்.

என் குறிப்பில் இன்னொரு வரியும் உண்டு. "கட்டடம் மொத்தப் பரப்பில் 15 விழுக்காடு மட்டுமே." கணக்கு சரி. 20 சென்ட் என்பது 810 சதுர மீட்டர். தெருவோரம் 27 மீட்டர், உள்ளே 30 மீட்டர் ஆழம். கட்டடம் 12-க்கு 10, ஆக 120 சதுர மீட்டர். ஆனால் கட்டடம் தனியாக நிற்பதில்லை. தரைமட்டத்திலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் தளம் போட்டால், ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் சாய்தளம் மட்டும் 7.2 மீட்டர் நீளம், மேலேயும் கீழேயும் சக்கர நாற்காலி திரும்ப இடம் வேறு. முன்பக்கம் இருசக்கர வாகனங்களுக்கு 3 மீட்டர். பின்பக்கம் செப்டிக் டேங்க், அதற்குக் கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும்படி பக்கவாட்டில் சந்து. மருத்துவக் கழிவு அறை ஒன்று. 48 மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது என்பது விதி, வண்டி வந்து எடுக்க வாசலை நோக்கி இருக்க வேண்டும். பிறகு இதையெல்லாம் சுற்றி மதில். கூட்டினால் தெருவிலிருந்து 17 மீட்டர் ஆழம் போய்விட்டது. 459 சதுர மீட்டர், பாதிக்கு மேல்.

மீதி 351 சதுர மீட்டர் பின்னால் இருக்கிறது. முழு இடத்தில் ஓரமாக நடைபாதை போட்டிருந்தால் ஒரு சுற்று 102 மீட்டர், பத்துச் சுற்று ஒரு கிலோமீட்டர். இப்போது 68 மீட்டர், பதினைந்து சுற்று. சுற்று குறைந்ததை விட மோசமானது தெருவின் பார்வை போனது. கட்டடத்துக்குப் பின்னால், சந்து வழியாகப் போக வேண்டிய பூங்காவுக்கு விடியற்காலையிலும் அந்திக்கு மேலும் பெண்கள் போக மாட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தே இதைச் சொல்லியிருக்க முடியும். பூங்காவைத் தெருவோரமும் கட்டடத்தைப் பின்னாலும் வைத்திருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். நோயாளிகள் உள்ளே வரப் பாதை நீளும், மதிப்பீடு கூடும் என்று அப்போது விட்டோம்.

முன்பக்கம் முழுக்க பேவர் பிளாக். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த 459 சதுர மீட்டரில் விழுவது ஏறக்குறைய 23,000 லிட்டர். மழைநீர் உறிஞ்சு குழி மதிப்பீட்டில் இருந்தது, கட்டவும் கட்டினார்கள். குழியின் வாய் பேவரை விட இரண்டு அங்குலம் மேலே நிற்கிறது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போகிறது. இது பிழையான கட்டுமானம், இதற்கும் என் குறிப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மழை நாளில் அந்த வழியாகப் போனால் கண் அங்கேதான் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரியாததல்ல. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை நர்சிங் ஹோமுக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-இல் செல்லாது என்றது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு. பூங்காவை எடுத்ததால் போனதை மருத்துவமனை வைத்து மீட்க முடியாது என்ற பொருளில் நீதிபதி சஹாய் எழுதினார். அது தனியார் அறக்கட்டளை, இது அரசு மையம் என்ற வேறுபாட்டில் நாங்கள் நின்றோம். வேறுபாடு உண்மையானதுதான். ஆனால் தீர்ப்பின் அந்தப் பகுதி தனியாரைப் பற்றியது மட்டுமல்ல, வருமுன் காப்பதைப் பற்றியது. வீட்டில் அமர்ந்து மறுபடி வாசித்தபோது அது எங்களுக்குச் சாதகமாகப் படவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு மையத்தின் வாசலில் போய் நின்றால் என் வாதம் வலுவிழக்கிறது. காலை 8 முதல் 12 வரையிலும், மாலை 4 முதல் 8 வரையிலும் மருத்துவர் இருக்கிறார். மாலை நேரம்தான் பெரிய உதவி. கூலி வேலை முடித்து வருகிறவர்கள் ஒருநாள் சம்பளம் இழக்காமல் காய்ச்சலுக்குப் பார்த்துக்கொள்கிறார்கள். கைக்குழந்தையோடு அரசு மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாறிப் போனவர்கள் இப்போது நடந்து வருகிறார்கள். நாலு மாதம் பொறுத்து, ஒதுக்கீடு நழுவியிருந்தால் இவர்களுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? இந்தக் கேள்விக்கு முன்னால் "நான் செய்தது சரி" என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே தொட்டி வளாகம் நினைவுக்கு வருகிறது: அங்கே கட்டியிருந்தாலும் இதே மக்கள் இதே மாதிரி வந்திருப்பார்கள், பேருந்து நிறுத்தத்தின் பக்கத்திலேயே.

மருத்துவர் சர்க்கரைக்காரர்களுக்கு வாரம் 150 நிமிடம் நடக்கச் சொல்கிறார், சீட்டிலும் எழுதுகிறார். பின்பக்கப் பூங்காவின் சாவி மையத்தின் பணியாளரிடம் இருக்கிறது. அவர் வருவது எட்டு மணிக்கு. நடப்பவர்கள் ஐந்து மணிக்கே எழுந்து மெயின் ரோட்டின் ஓரத்தில் நடக்கிறார்கள். இரண்டாவது சாவியைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். மருத்துவக் கழிவு அறை அதே வளாகத்தில் இருப்பதால் வெளியாள் கையில் சாவி கொடுக்க முடியாது என்று குறிப்புத் திரும்பி வந்தது. நடுவில் ஒரு கம்பி வலையும் தனிக் கதவும் போட்டால் தீரும். அதற்கு எந்த நிதி என்று கேட்டிருக்கிறார்கள்.

இப்போது வேறொரு வார்டுக்கு இதே மாதிரிக் கோப்பு வந்திருக்கிறது. அங்கேயும் ஒரு ஓ.எஸ்.ஆர். இடம், 14 சென்ட். இந்த முறை வார்டில் இருக்கிற நகராட்சி இடங்கள் ஐந்தையும் அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன தடை, அதை நீக்க எத்தனை மாதம், எந்தக் கணக்கிலிருந்து பணம் என்று எழுதி, பொறியாளர் பிரிவின் கையொப்பத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. கோப்பு அங்கேயே இருக்கிறது, மன்றக் கூட்டத் தேதி நெருங்குகிறது.