மாமா போட்ட வகுத்தல் கணக்கு

காலை 6:45-க்கு மாமாவிடமிருந்து போன். "ஏம்ப்பா, ப்ளேன் வழியில பஞ்சர் கிஞ்சர் ஆயிருக்குமா?"

அத்தை ஏறியது 6:10 விமானம். தூரம் 420 கிலோமீட்டர், ஜெட் வேகம் மணிக்கு 800. வகுத்தால் 32 நிமிஷம். மாமா 6:42-க்கே வருகை வாசலில் ஆஜர். டிக்கெட்டில் 7:25 என்றிருந்ததை, "அவன் சும்மா போட்டிருப்பான்" என்று தள்ளிவிட்டார்.

சும்மா போடவில்லை. 6:10 என்பது பறக்கும் நேரமே கிடையாது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரும் நேரம். 7:25 என்பது திரும்ப அந்தக் கட்டையை வைக்கும் நேரம். ஓடுபாதை வரை உருண்டு போகவே பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும்.

சரி, மாமா நினைத்த ஜெட்டே மேலே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 30,000 அடி ஏறி முடிப்பதற்குள் 150 கிலோமீட்டர் காலி. இறங்குவதற்கு ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 30,000 அடிக்கு 90 கடல் மைல், அதாவது 167 கிலோமீட்டர். மிச்சம் சுமார் 100 கிலோமீட்டர். மாமாவின் 800 உயிரோடு இருப்பது அந்த ஏழெட்டு நிமிஷம்தான். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வேறு.

அந்த 420-ம் பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். விமானம் நூலில் போகாது. காற்று பின்னாலிருந்து அடித்தால், ஓடுபாதையின் மறுமுனைக்குச் சுற்றி வந்துதான் இறங்கவேண்டும்.

உலகிலேயே குட்டியான விமானப் பயணம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில். வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே, நடுவில் 2.7 கிலோமீட்டர். அந்தச் சின்ன ஐலாண்டர் விமானம் மணிக்கு 240 போகும். மாமா வகுத்தால் 40 நொடி. சாதனை நேரமே 53 நொடி, அட்டவணையில் 2 நிமிஷம். அங்கேகூட மாமா தோற்பார்.

இதையெல்லாம் போனில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஜெட்டுக்கு என்னதான் மரியாதை?" என்றார். அத்தை வந்தது ஜெட்டே இல்லை, காத்தாடி வைத்த ஏடிஆர் 72. முழு வேகமே 510-ஐ ஒட்டித்தான் என்பதை அப்போது சொல்ல மனசு வரவில்லை. இந்தத் தூரத்தில் இரண்டுக்கும் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் வித்தியாசம்.

கடைசியில் 7:10-க்கே தரை தொட்டது. உள்ளே, "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிப்பு. பிறகு நிறுத்த இடம் காலியில்லை என்று நடுவழியில் பதினைந்து நிமிஷம் நிற்கவைத்தார்கள். கதவு திறக்கும்போது 7:28.

"இவ்வளவு சீக்கிரமாவா வந்து நிக்கிறீங்க?" என்று அத்தை கேட்டிருக்கிறார்.

மாமா வகுத்தல் கணக்கைப் பற்றி மூச்சுவிடவில்லையாம். "சும்மாதான்" என்றாராம்.